புளி தின்ற மூன்று குன்றிமணி

மதகடிப்பட்டுப் பட்டறையில் எனக்கு உப்புக் கொப்பரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போயிருந்த புதுசு. கரும்பு வெட்டும் கத்திகளுக்கு நல்ல கிராக்கி. இரும்புக் கொப்பரையில் உப்பை உருக்கி, தணலாய்ச் சிவந்த அந்தக் குழம்பில் கத்திகளை முக்கிச் சூடேற்றி, எண்ணெயில் போட்டுப் பதமாக்குவோம். பழைய கொப்பரையை உப்பு அரித்து ஓட்டை போட்டதில் கீற்றுக்கூரையே எரிந்திருக்கிறது. புதியதை எவ்வளவு அரிக்கிறது என்று கொதிக்கும் உப்புக்குள் எட்டிப் பார்க்கவா முடியும்?

முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். கொப்பரை செய்த அதே தகட்டில் ஒரு பட்டையை வெட்டி, கம்பியில் கட்டி உப்புக்குள் தொங்கவிடுவோம். வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவி, பக்கத்து நகைக்கடைத் தராசில் குன்றிமணி போட்டு நிறுப்பேன். குறைந்த எடை உப்பு தின்றது என்று கணக்கு.

வாராவாரம் நான்கு குன்றிமணி குறைந்தது.

"இப்பிடிப் போனா ஓட்டை வுழுந்துரும்பா. சனிக்கிழமையோட அடுப்ப அணைச்சிடலாம்" என்றார் முதலாளி.

அடுப்பு அணைந்தால் எனக்கு வேலை இல்லை. கல்யாணமாகி மூன்று மாதம்தான்.

வீட்டில் சொன்னேன். "பட்டைய இன்னா போட்டுக் கழுவுறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"புளியில ஊறவச்சி, செங்கத்தூள் போட்டுப் பளபளன்னு தேய்ப்பேன்." பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் பக்கம் துலக்குவதென்றால் அப்படித்தான்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்கம்மா வூட்டு சொம்பு அப்பிடித் தேச்சித் தேச்சே காயிதமாட்டம் ஆயிப்போச்சி. இரும்பு மட்டும் தேயாதா?"

மறுநாள் உப்பையே பார்க்காத புதுப்பட்டை ஒன்றை நிறுத்து, புளியில் ஊறவைத்து, வழக்கம்போலத் தேய்த்து, மறுபடி நிறுத்தேன். மூன்று குன்றிமணி காணோம்! என்மேலேயே எனக்கு எரிச்சல்; அதைவிடச் சந்தோஷம்.

முதலாளி லேசில் நம்புகிறவரில்லை. தன் கண்ணெதிரே இன்னொரு பட்டையைத் தேய்க்கச் சொன்னார். அதிலும் மூன்று. அப்படியானால் உப்பு தின்றது ஒன்றே ஒன்றுதான். கொப்பரை இந்தக் கரும்பு வெட்டைத் தாண்டி நிற்கும்.

"இனிமே வெந்நியும் தேங்கா நாரும் போதும். அந்தப் புளிய வூட்டுக்கு எடுத்துனு போடா" என்றார்.

சனிக்கிழமை அடுப்பு எரிந்தது. அன்று எங்கள் வீட்டில் புளிக்குழம்பு.