என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது யார்?

அன்பானவர்களே, ஆண்டவர் உப்பளத்து வெயிலிலும் ஜெபம் கேட்கிறார் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் எழுந்து நிற்கிறேன். என் பெயர் எஸ்தர். மரக்காணம் உப்பளத்தில் பல வருடமாக உப்பு வாருகிறேன். வீட்டுக்காரர் குமார் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

போன வருடம் வேலை தொடங்கியபோது மேஸ்திரி எனக்கு ஒரு பாத்தியும், உப்பு இழுக்கிற பலகை ஒன்றும் கொடுத்தார். அது தேவகியின் பலகை. அதே பாத்தியின் வரப்பில்தான் அதற்கு முந்தைய வருடம் அவள் விழுந்து இறந்தாள். வெயில் அடித்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். கம்பில் அவள் பிடித்த இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. என் கையும் சரியாக அங்கேயே போய் உட்கார்ந்தது.

மாசி மாதம் ஒரு காலை. யாரோ என் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்திருப்பது போல இருந்து விழித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. பிடி மட்டும் விடவில்லை. விரலை மடக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தளர்ந்தது. மறுநாளும் அப்படியே. அதன் பிறகு தினமும். மணிக்கட்டும் விரல் முட்டிகளும் வீங்கிச் சூடாக இருந்தன. தண்ணீரில் பல நாள் கிடந்த கை மாதிரி மினுமினுத்தன. குழாயைத் திறக்க முடியாது. ரவிக்கைக் கொக்கியைக் குமார்தான் மாட்டிவிட்டார். மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"அவ பலகைய எடுத்த இல்ல எஸ்தரு, அதான் அவ உன் கைய பிடிச்சிருக்கா" என்றாள் கூட வேலை செய்கிற லட்சுமி. அதன் பிறகு என் பக்கத்துப் பாத்திக்கு யாரும் வரவில்லை.

உச்சி வெயிலில் உப்பளத்தில் தனியாக நின்றிருக்கிறீர்களா? தரையும் வானமும் ஒரே வெள்ளை. பலகையை இழுப்பேன். எனக்குப் பின்னால் இன்னொரு பலகை இழுபடும். நான் நிறுத்தினால், அது ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டு நிற்கும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

குமாருக்கும் பயம் வந்துவிட்டது. "வர்ற வெள்ளிக்கிழமை ஒரு ஆள்கிட்ட போலாம் எஸ்தரு. காய்ச்சின கம்பிய மணிக்கட்டுல வெச்சா விட்டுடுமாம்." விசுவாசியான நானும் தலையாட்டினேன். அந்த வெட்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வியாழக்கிழமை வரப்பில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என்னைப் பிடித்திருப்பது யார் என்று எனக்குக் காட்டும்." அவ்வளவுதான் கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன். கானலுக்குள் வரப்பு மேல் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். இடது காலைச் சற்று இழுத்து நடக்கிற அதே நடை. சேலைக்கு மேல் அதே நீலச் சட்டை. தேவகி. கத்த வாயைத் திறந்தேன். பக்கத்தில் வந்த பிறகுதான் முகம் வேறு என்று தெரிந்தது.

"நான் கலாங்க, தேவகியோட தங்கச்சி. இடையஞ்சாவடியில இருந்து வர்றேன். அக்கா பலகைய வந்து எடுத்துக்கச் சொல்லி போன் பண்ணது நீங்களா?"

"நான் பண்ணலையேம்மா."

"பொம்பள குரல்தான்..." என்றவள் என் கைகளைப் பார்த்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எங்க அக்காவுக்கும் இதே கைதாங்க! ஒரே வீட்டுலதான் இருந்தோம், காலையில நான்தான் ஜடை பின்னி வுடுவேன். யார்கிட்டயும் சொல்லாதன்னா. கடை மாத்திரையா தின்னா. கடைசி ரெண்டு நாளு கருப்பா வெளிக்குப் போச்சு, ரத்தமா வாந்தி எடுத்தா. அப்பவும் வேலைக்கு வந்தா."

இடுப்பில் செருகியிருந்த என் மாத்திரை அட்டையைக் காட்டினேன். "இதேதாங்க" என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை குமாரும் கலாவும் என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா முதலில் கேட்டது இதுதான்: "காலையில எழுந்ததும் கை இறுக்கமா இருக்குதா? எவ்வளவு நேரம்?" ஒன்றரை மணி நேரம் என்றேன். விரல் முட்டிகளைச் சேர்த்து மெல்ல அழுத்தினார். அலறினேன். "ரெண்டு கையையும் ஒட்ட வெச்சுக் கும்பிடுங்கம்மா" என்றார். முடியவில்லை. இத்தனை நாளும் ஜெபத்தில் என் உள்ளங்கைகள் சேரவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"இது முடக்குவாதம் மாதிரி தெரியுதும்மா. உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குது. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா எலும்பு அரிக்காம தடுக்கலாம். அந்தக் கடை மாத்திரைய இன்னைக்கே நிறுத்துங்க. தின்னுட்டே இருந்தா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும், உயிரே போயிடும்."

ரத்தப் பரிசோதனை எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே அதையே உறுதி செய்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. உடனே குணமாகவில்லை. வாரக்கணக்கில் அழுதேன்.

பிறகு ஆடி மாதம் ஒரு காலை விழித்தேன். பிடி இல்லை. யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை. அந்த வெறுமைக்கே பயந்து, கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தேன். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. வியாதி இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் என் கை எனக்கு வேலை செய்கிறது. ஸ்தோத்திரம்.

கலாவுக்குப் போன் செய்தது யார் என்று மேஸ்திரியைக் கேட்டோம், பெண்களைக் கேட்டோம். யாரும் இல்லை. கலாவின் போனில் தேடினோம். அந்த நாளில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. அதற்கு மேல் நான் தேடவில்லை. என் ஜெபத்தைக் கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். தேவகியைப் பேய் என்று சொல்ல இப்போது என் நாக்கு வராது. அவள் வலியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அது எங்கள் பாவம்.

இப்போது டீ நேரத்தில் ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறேன், காலையில் கை தளர எவ்வளவு நேரம் ஆகிறது என்று. லட்சுமி உட்பட இரண்டு பேர் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டார்கள்.

இங்கேயும் யாராவது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவரை நம்பி ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு டாக்டரிடம் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நாளைக்குக் காலையில் நான் கூட வருகிறேன்.