அரவேணுக்காரங்களுக்கு ஒரு சொகுசு வண்டி

தேயிலை விலை படுத்துட்டா மலையில எல்லாரும் கவலைப்படுவாங்க. பழைய கார் புரோக்கர் மட்டும் கவலைப்படவும் முடியாம, சந்தோஷப்படவும் முடியாம நடுவுல நிப்பான்.

அப்படி நின்னவன் நான். பச்சை இலையை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லாத அந்த வருஷங்கள்ல, நல்லா வாழ்ந்தவங்க வாசல்ல நின்ன ஜெர்மன் வண்டியெல்லாம் ஒவ்வொண்ணா குன்னூர்ல என் ஷெட்டுக்கு வந்துச்சுங்க. சின்ன சைஸ்தான், ஆனா உயரமான வண்டி. உள்ள தோல் சீட்டு, கதவைச் சாத்தினா பீரோ சாத்தின மாதிரி சத்தம். விக்க வர்றவங்க மூஞ்சியைப் பார்த்தா பாவமா இருக்கும். வாங்க வர்றவங்க மூஞ்சியைப் பார்த்தா எரிச்சலா இருக்கும். வண்டி பார்க்கற இடத்துல புருஷன் ஒண்ணு சொல்ல, பொஞ்சாதி ஒண்ணு சொல்ல, நடுவுல முழிச்சவங்க யாராவது இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க. எனக்கு மண்டை காஞ்ச கதை இது.

மகன் போட்ட கண்டிஷன்

நடராஜன் ஐயா அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. அவர் சம்சாரம் சரோஜாம்மா கவர்மென்ட் நர்ஸா இருந்தவங்க. அரவேணுவுல சொந்த ஊடு, பின்னால கொஞ்சம் தேயிலை. போன மழையில இவங்களோட பழைய கார் பர்லியார் பக்கத்துல நின்னு போய், ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சு, ஒரு காய்கறி லாரியில ஏறி ஊடு வந்து சேர்ந்திருக்காங்க. விஷயம் சென்னையில இருக்கிற மகன் கார்த்திக்குப் போயிருச்சு.

கார்த்தி எனக்கு போன் போட்டாரு. உயரமான வண்டி, ஏர்பேக் நிறைய, நல்ல கம்பெனி. செலவை அவரு பார்த்துக்குவாரு. அடுத்த மழைக்குள்ள அமையலைன்னா ஊட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவாராம். இது என்ன பெரிய வேலைன்னு நெனச்சுத்தான் ஒத்துக்கிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே சரோஜாம்மா ஷெட்டுக்கு வந்து, முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னாங்க: "அந்த ஊர்ல எனக்கு மூச்சு முட்டுமுங்க தம்பி. எப்படியாச்சும் ஒரு வண்டியப் புடிச்சுக் குடுத்து எங்களை இங்கயே உட்டுருங்க."

ஃபேக்டரி மொதலாளி வண்டி

மொத வண்டி வெள்ளை. ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரி மொதலாளியோடது. குறை சொல்ல ஒண்ணும் இல்லைங்க. ஐயா ஓட்ட, அம்மா இடது பக்கம் உக்கார, நான் பின்னால ஏறிக்கிட்டேன். ஸ்டார்ட் பண்ணதிலிருந்து அம்மா வாய் ஓயலை. "வலது வளைவு. லாரி நிக்குது. கொஞ்சம் இடதுல வாங்க. மாடு." சரி, எல்லா ஊட்டுலயும் நடக்கிறதுதானேன்னு விட்டேன். ஐயாவுக்கு ஒரு துளி கோபம் வரலை, அதுதான் எனக்குப் புரியலை. என் சம்சாரம் இதுல பாதி பேசினாலே நான் வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கிருவேன்.

ஒரு வளைவுல கொழுந்து மூட்டையோட சிறு விவசாயிங்க கொஞ்சம் பேரு நின்னுட்டிருந்தாங்க. வண்டியைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்திச் சுத்திக்கிட்டாங்க. மலையில வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிருவாங்க. சரக்கு போகலைன்னு அந்த மொதலாளி இலை எடுக்கறதையே நிறுத்தியிருந்தாரு, அந்த விவரம் எனக்குத் தெரியாது. நாங்க சும்மா ஓட்டிப் பார்க்கறோமுங்கன்னு ஐயா சொல்லச் சொல்ல, ஒருத்தரு வாடின கொழுந்தை அள்ளி அம்மா மடியில போட்டு, இதை மொதலாளிக்குக் காட்டுங்கன்னாரு. பறிச்ச இலை கண்ணு முன்னால கருகுதுன்னா அவரும் என்னதான் பண்ணுவாரு. அம்மா அதைக் கீழ தட்டலை. ஊடு வர்ற வரைக்கும் மடியிலயே வெச்சிருந்து, இறங்கும்போது சொன்னாங்க: "அவங்க வயித்தெரிச்சலை நாங்க ஏத்திக்கிட்டுச் சுத்த முடியாதுங்க. வேற பாருங்க தம்பி."

இடது பக்கத்து சீட்டு

அப்புறம் பார்த்த வண்டிகளுக்கு அளவே இல்லை. ஒவ்வொண்ணுலயும் ஐயா சரின்னு தலையாட்டுவாரு, அம்மா வேண்டாம்பாங்க. கலரைப் பார்க்க மாட்டாங்க, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கேக்க மாட்டாங்க. நேரா இடது கதவைத் திறந்து, காலைத் தூக்கி வெச்சு ஏறி, கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்ப்பாங்க. என்னை வண்டிக்கு முன்னால நிக்கச் சொல்லுவாங்க. குனியச் சொல்லுவாங்க. இன்னும் குனிங்கம்பாங்க. அப்புறம், "தெரியலை, வேண்டாம்" அவ்வளவுதான். என் இடுப்புதான் போச்சு.

சோலூர்ல கேரட் விவசாயி ஒருத்தரோட நீல வண்டி. பூ மாதிரி வெச்சிருந்தாரு. ஐயாவுக்குப் பிடிச்சுப் போச்சு. மழை வேற கிட்ட வந்திருச்சு, கார்த்தி தினமும் போன். அம்மா என்னடான்னா டேஷ்போர்டு உயரமா இருக்கு, ரோடு மறைக்குதுங்கறாங்க. தலகாணி போட்டும் பார்த்தாச்சு. எனக்குக் கோபம் வந்திருச்சுங்க. ஓட்டப் போறது ஐயா, உங்களுக்கு எதுக்கும்மா ரோடு தெரியணும்னு கேட்டே போட்டேன். புருஷனும் பொஞ்சாதியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அம்மா நிதானமாச் சொன்னாங்க: "எனக்குத் தெரியாம அவரு எப்படித் தம்பி ஓட்டுவாரு?"

தொண்டை கட்டின நாள்

அது ஏதோ பொம்பளை வீராப்புன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். அடுத்து ஒரு சிவப்பு வண்டி சிக்குச்சு, ரெண்டு சீட்டையுமே உயரம் ஏத்திக்கலாம். ஓட்டிப் பார்க்கப் போற அன்னைக்கு சரோஜாம்மாவுக்குச் சளி பிடிச்சு, குரலே வரலை. அப்பாடா, இன்னைக்காவது நிம்மதியாப் போகலாம்னு நான் பின்னால சாய்ஞ்சு உக்கார்ந்தேன்.

கோத்தகிரி ரோட்டுல இறக்கம். எதுத்தாப்ல பஸ் ஏறி வருது. ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி ஒதுங்கி வழி விடணும், மலையில வண்டி எடுத்தா மொதல்ல கத்துக்கறதே அதுதான். ஐயா இங்கயே பொறந்து வளர்ந்தவரு, நேரா பஸ்ஸுக்குள்ள போற மாதிரி போறாரு. அம்மா டேஷ்போர்டைத் தட்டறாங்க, வாய் மட்டும் அசையுது, சத்தம் வரலை. நான் போட்ட கத்தல்லதான் அவரு பிரேக் அடிச்சாரு. பஸ் பம்பருக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்க இடம் இல்லை. கண்டக்டர் இறங்கி வந்து, கண்ணாடி வழியா ஐயாவைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டாரு: "ஏனுங்க பெரியவரே, ஏறி வர்ற வண்டிக்கு வழி உடோணும்னு தெரியலீங்களா, இல்ல பஸ்ஸே தெரியலீங்களா?"

யாரு கண்ணு

"பஸ்ஸுதான் தம்பி தெரியலை"ன்னாரு ஐயா, வண்டியை ஓரங்கட்டினதுக்கு அப்புறம். கண் நரம்பு கெட்டுப் போச்சு, இனி வண்டி ஓட்டக் கூடாதுன்னு கோயமுத்தூர் டாக்டர் எப்பவோ சொல்லிட்டாராம். மகனுக்குத் தெரிஞ்சா மறுநாளே சென்னை. அதனால அம்மா சொல்றது, ஐயா திருப்பறது. இப்படியே ரெண்டு பேரும் இந்த மலையைச் சுத்தியிருக்காங்க. வயசானவங்கன்னும் பார்க்காம வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். எதுத்தாப்ல வர்றவனுக்கும் குடும்பம் இருக்காதுங்களான்னு கேட்டேன். ஐயா அழுதுட்டாரு. சாவியைப் பிடுங்கி நானே ஓட்டிட்டுப் போய் ஊட்டுல விட்டேன். இனி கார்த்திகிட்டச் சொன்னா ஒரு ஊட்டுக்குப் பூட்டு, சொல்லலைன்னா எவனோ ஒருத்தன் உசிரு. எனக்கு ஒண்ணுமே ஓடலைங்க.

சளி விட்டதும் சரோஜாம்மா தனியா பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்தாங்க. கிளட்ச் இல்லாத வண்டி இருக்கான்னு கேட்டாங்க. நோவு இடது முழங்கால்லதானாம், வலது கால் நல்லாத்தான் இருக்காம். நர்ஸ் வேலையில இருக்கறப்ப எடுத்த லைசென்ஸ், இத்தனை வருஷமும் விடாம ரினிவல் பண்ணி வெச்சிருக்காங்க. ஐயா சீட்டை விட்டுக் குடுக்கலை, அதனால ஓட்டலை. எஸ்டேட் ஓனர் ஒருத்தரோட ஆட்டோமேட்டிக் வண்டி ஷெட்டு மூலையில யாரும் சீண்டாமக் கிடந்துச்சு. டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருத்தரை வெச்சு அதுலயே மொதல்ல மைதானம், அப்புறம் ரோடுன்னு பழகினாங்க. இனி நான் எதுக்குன்னு அந்த ஸ்கூல்காரரே சொன்னதுக்கு அப்புறம்தான் மகனுக்கு போன் போட்டாங்க. ஒண்ணு விடாம உண்மையைச் சொன்னாங்க. கார்த்தி கத்தினது எனக்கே கேட்டுச்சு: உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம்மா? அதுக்கு அவங்க, "இத்தனை நாளா உங்கப்பா யாரு கண்ணுல ஓட்டுனாருன்னு நெனச்ச?"

பின் சீட்டுல மகன்

நம்பாம கார்த்தி நேர்லயே கிளம்பி வந்துட்டாரு. அம்மா ஓட்ட, ஐயா இடது பக்கம், கார்த்தியும் நானும் பின்னால. மூடுபனி வேற. அம்மா வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சு, எதிர்ல ஏறி வந்த ஒரு டிராக்டருக்கு ஒதுங்கி நின்னு வழி விட்டு, அரவேணு வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. வழி நெடுக "மெதுவா, மெதுவா"ன்னு முனகினது கார்த்திதான். சென்னைக்கு அவரு தனியாத்தான் திரும்பிப் போனாரு.

அன்னைக்கு ஊட்டு வாசல்ல வண்டி நின்னதும், பயமா இல்லையாப்பான்னு கார்த்தி கேட்டாரு. ஐயா சீட் பெல்ட்டைத் தடவித் தடவிக் கழட்டிக்கிட்டே சொன்னாரு: "நான் ஓட்டுன வரைக்கும் தினமும் பயந்தேன்டா. இப்பத்தான் கண்ண மூடிக்கிட்டு வர்றேன்."

சாவி யாரு கையில இருக்குதுன்னு பார்த்தே ஓட்டறவர் யாருன்னு முடிவு கட்டிட்டு, இந்தத் தொழில்ல இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன் பாருங்க, என்னை என்னன்னு சொல்ல.