கம்ப்ரசர் வந்து வேலி போட்ட நாட்கள்

என் வீட்டுக்காரருக்குக் காது போனது நகரியில், விசைத்தறிக் கொட்டகையில். ஒரே நாளில் போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தறிகளுக்கு நடுவே நின்றதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோனது. முதலில் கோயில் மணி கேட்கவில்லை என்றார். அப்புறம் போன் எடுப்பதை நிறுத்தினார். திருப்பதியில் காது டாக்டர் ஒரு மிஷின் எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பஸ் ஹாரனும் பாத்திரம் விழுகிற சத்தமும்தான் பெரிதாக வருகிறது, பேச்சு வரவில்லை என்று டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

கல்யாண வீடுகளில் ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். ஒருமுறை பழைய சிநேகிதர் ஒருவர் தன் தம்பி தவறிப்போனதைச் சொல்ல, அதற்கும் அப்படியே சிரித்துத் தலையாட்டிவிட்டார். விஷயம் தெரிந்தபோது இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு விசேஷங்களுக்கு நான் மட்டும்தான் போனேன்.

நாங்கள் இரண்டு பேருமே தறி வேலையை விட்டுவிட்டு நிலத்துக்கு வந்தோம். நாராயணவனம் பக்கம், மலையடிவாரத்தில், என் நைனா எனக்கென்று விட்டுப்போன நிலம். காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலி செய்தவர், கடைசியில் தனக்கென்று வாங்கிய ஒரே துண்டு அது. செம்மண், அங்கங்கே பாறை. வேர்க்கடலை போட்டோம். நன்றாகத்தான் வந்தது. காய் பிடிக்கிற சமயம் பார்த்து மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கின. ஏர் ஓட்டியதுபோல் வரிசையாகக் கிளறிவிட்டுப் போயிருந்தன. மறு வருஷமும் அதே கதை.

பக்கத்து நிலத்துக்காரர் வழி சொன்னார். "ராத்திரில கம்பில கரண்டு உட்டுடு. ஒண்ணு மாட்னா போதும், அப்பறம் வராது."

நான் உதட்டசைவில் அதைத் திருப்பிச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் மறுத்துத் தலையை ஆட்டினார். "மனுசன் மாட்னா? வேணாம். நேரா வேலி போடலாம். இரும்புல."

இரும்பு ஆங்கிள்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல். சம்மட்டியால் அடித்துப் பார்த்தோம். நான் பிடிக்க, அவர் அடிக்க, நாலு கம்பம் இறங்குவதற்குள் அவர் தோள்பட்டை தூக்க முடியாமல் போனது. கம்பத்தின் தலை காலிஃபிளவர் மாதிரி விரிந்துவிட்டது.

அடுத்து, ஏரியில் மண் அள்ளிக்கொண்டிருந்த பொக்லைனைக் கூப்பிட்டோம். பக்கெட்டைக் கம்பத்தின் மேல் வைத்து அழுத்தினால் போதும் என்றார் டிரைவர். ஓடையோரத்து ஈர மண்ணில் அது அழகாகத்தான் வேலை செய்தது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. மேட்டுக்கு வந்ததும் மண் விடவில்லை. அழுத்தினார். கம்பம் நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு மூன்று அப்படிப் போனதும் டிரைவரே வண்டியை நிறுத்தினார்.

"இது ஒரே அமுக்காத்தான் அமுக்கும்மா. உங்களுக்குப் பட்டு பட்டுனு தட்டுறது வேணும். கம்ப்ரசர்காரரைக் கூப்புடுங்க, பாகாலாவுல ஒருத்தர் கீறாரு" என்று நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார். வேலை கைவிட்டுப் போகிறதே என்று நினைக்காமல் சரியான ஆளைக் காட்டிவிட்டுப் போன அந்த மனுஷரை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

கம்ப்ரசர் டிராக்டர் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வண்டிதான். கிணற்றில் பாறை உடைக்க வரும். டிராக்டரின் பின்னால் காற்றை அடைத்து வைக்கிற தொட்டி, அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய், குழாயின் முனையில் பாறை உடைக்கிற பிரேக்கர். பாகாலாக்காரர் அதைக் கம்பம் அடிக்கத் தோதாக மாற்றி வைத்திருந்தார். பிரேக்கரின் உளி இருக்கிற இடத்தில் ஒரு இரும்புக் குல்லா. அதைக் கம்பத்தின் தலையில் கவிழ்த்துவிட்டால் ஒவ்வொரு அடியும் நேராக உச்சியில் விழும், தலை விரியாது. பிரேக்கரின் கனத்தை ஆள் தூக்க வேண்டாம் என்று டிராக்டரின் பின்பக்கம் சட்டம் ஒன்று நிறுத்தி, அதில் கப்பி மாட்டிக் கயிறு கட்டியிருந்தார். சட்டத்தோடு ஒரு சின்ன மேடை. அதில் ஏறி நின்று காற்றைத் திறந்தால், அவ்வளவு பெரிய பாரம் அவர் விரலுக்கு அடங்கி இறங்குகிறது. நான் அந்தக் கப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லித் தராமல் தானே யோசித்துச் செய்தாராம்.

அவர் தெலுங்குக்காரர், எங்களோடு பாதி தமிழ் பேசினார். வந்தவுடனே என்னை அக்கா என்றார். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்குப் பாவா ஆகிவிட்டார், அக்கா புருஷன்.

"ஒரு சின்ன கஷ்டம் அக்கா. கம்பம் பிடிக்கிற ஆளு மொட்ட போடறேன்னு திருமலைக்குப் போய்ட்டான். நாலு நாளு ஆவும்."

"நாங்க ரெண்டு பேரு கீறோமே" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "பாவாக்கு காது கேக்காதுன்னு சொன்னீங்களே. மிஷின் ஓடும்போது நான் சொல்றது..."

"ஓடும்போது உங்களுக்கு மட்டும் கேக்குமா?"

சிரித்துவிட்டார்.

வேலை இப்படி. அவர் மேடையில் நின்று பிரேக்கரை ஓட்டுவார். கீழே ஒருவர், நீளக் கைப்பிடி வைத்த இரும்புப் பிடியால் கம்பத்தைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது ஆள் எட்டி நின்று கம்பம் நேராக இறங்குகிறதா, சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நான். ஒரு நூலில் கல்லைக் கட்டிக் கையில் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணால் நூலையும் கம்பத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பேன்.

எஞ்சின் கிளம்பியது. காற்று திறந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் உடம்புக்கு முதலில் தோன்றியது, கொட்டகைக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்பதுதான். காதுக்குள் வேறு எதற்கும் இடம் இல்லை. முதல் கம்பம் இடது பக்கம் சாய்ந்தது. பாகாலாக்காரர் குனிந்து எதையோ கத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காற்றை மூடி, இறங்கி வந்து, சொல்லி, திரும்ப ஏறினார். அடுத்த கம்பத்துக்கும் அப்படியே. இந்தக் கணக்கில் போனால் மழைக்காலம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது கம்பம் சாய ஆரம்பித்தபோது யோசிக்காமலே என் கை எழும்பியது. உள்ளங்கையை நிமிர்த்தி, வலது பக்கமாக மெல்ல ஒரு தள்ளு. தறியில் பாவு நூல் ஒரு பக்கம் இழுத்தால் அடுத்த தறியில் நிற்கிறவருக்கு அப்படித்தான் காட்டுவோம். என் வீட்டுக்காரர் பிடியை வலப்பக்கம் அசைத்தார். கம்பம் நூலோடு வந்து சேர்ந்தது.

கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. இரண்டு விரலைக் கத்திரிபோல் வெட்டினால் இழை அறுந்தது. கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் டீ. உள்ளங்கையைத் தரை பார்த்து அழுத்தினால் மோட்டாரை நிறுத்து. கல்யாணமான புதிதில் மாமியார் காதில் விழாமல் நாங்கள் பேசிக்கொண்ட பேச்செல்லாம் தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இப்படிப் பேசியதுதான். வீட்டில் எங்களுக்குள் அது தேவைப்படவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அதனால் மறந்தே போயிருந்தோம். அந்த மேட்டு நிலத்தில், புழுதிக்கு நடுவே, எல்லாம் திரும்பி வந்தது.

பிறகு நாங்கள் நிறுத்தவே இல்லை. நான் காட்ட, அவர் அசைக்க, கம்பம் அடுத்தடுத்து இறங்கியது. மேடையில் நின்றவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. நேராக இறங்குகிறது என்பது மட்டும் புரிந்தது.

பாறைக்கு வந்தபோதுதான் என் வீட்டுக்காரரை நானே புதிதாகப் பார்த்தேன். கம்பம் பாதி இறங்கியிருந்தது. மேலே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை. திடீரென்று அவர் பிடியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் எனக்குக் கத்திரி காட்டினார். இழை அறுந்தது. நான் மேடையை நோக்கிக் கையை உயர்த்தினேன். காற்று நின்றது.

"ஏமி ஜரிகிந்தி?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார் பாகாலாக்காரர். என்ன ஆச்சு என்று.

"கல்லு" என்றார் என் வீட்டுக்காரர். "கையில வேற மாதிரி வந்துச்சு. முன்ன மண்ணுல போறப்ப அதிர்வு கீழ போய்க்கினு இருந்துச்சு. இப்ப திரும்பி என் கைக்கே வருது."

கம்பத்தை உருவிப் பார்த்தோம். முனை லேசாக மழுங்கியிருந்தது, வளையவில்லை. இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் மடங்கியிருக்கும். பாகாலாக்காரர் குல்லாவைக் கழற்றிவிட்டுத் துளை போடுகிற கம்பியை மாட்டினார். பாறையில் கம்பம் நுழைகிற அளவுக்குக் குழி போட்டு, அதில் கம்பத்தை நிறுத்திச் சிமெண்டு கலவை ஊற்றினோம். அதன் பிறகு பாறை வந்த ஒவ்வொரு இடத்திலும் கத்திரி விரல் எழும்பியது. ஒரு கம்பம்கூடக் கெடவில்லை.

மறுநாள்தான் அது நடந்தது. மேற்கு வரிசையில் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் நூலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து டிராக்டர் பக்கவாட்டில் தெரிந்தது. தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் கிளம்புகிற மூட்டில் புழுதி சின்னதாகப் பறப்பதைப் பார்த்தேன். அந்த இடத்தில் மண்ணே இல்லை, புழுதி எப்படி வரும்? உற்றுப் பார்த்தால், மூட்டை இறுக்கியிருந்த கிளிப் நகர்ந்துகொண்டிருந்தது. குழாய் துடித்தது. அது பிடுங்கிக்கொண்டால் சாட்டைபோல் சுழலும். மேடையில் நிற்கிறவரின் முதுகு அதற்கு நேராக இருந்தது.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடைக்காரர் குல்லாவைப் பார்த்துக் குனிந்திருந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தரை பார்த்து அழுத்தினேன்.

கொட்டகையில் அந்தச் சைகைக்கு ஒரே மரியாதைதான். முதலில் நிறுத்து, காரணத்தை அப்புறம் கேள். யாருடைய விரலோ புடவையோ தறியில் மாட்டியிருக்கலாம். அவர் ஏன் என்று முகத்தால்கூடக் கேட்கவில்லை. பிடியைப் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் ஓடி வால்வைத் திருகி மூடினார். பிரேக்கர் இரண்டு முறை இருமி நின்றது. அடுத்த நிமிஷம் குழாய் கழன்றது. மிச்சம் இருந்த காற்றில் ஒரு துள்ளு துள்ளித் தரையில் விழுந்தது, அவ்வளவுதான்.

பாகாலாக்காரர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கழன்று கிடந்த குழாயையும் எங்களையும் பார்த்தார்.

"எக்கட நேர்ச்சுகுன்னாரு அக்கா, இதெல்லாம்? எங்க கத்துக்கினீங்க?"

"தறி ஓட்டினப்போ" என்றேன்.

அவர் எழுந்து என் வீட்டுக்காரரிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தெலுங்கில் என்னென்னவோ சொன்னார். இவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஆனால் இந்த முறை வெறுமனே தலையாட்டிச் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்திருந்து, சொல்லி முடித்ததும், "புது கிளிப்பு போடு. ரெண்டு போடு. அப்பறம்தான் ஓட்டணும்" என்றார்.

சாயங்காலமே இரண்டு பேரும் நகரிக்குப் போய்க் கிளிப் வாங்கி வந்தார்கள். மூட்டுக்குக் குறுக்கே ஒரு சங்கிலியும் கட்டினார்கள், கழன்றாலும் குழாய் சுழலாமல் இருக்க. திருமலைக்குப் போன ஆள் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தபோது கம்பம் அடிக்கிற வேலை முடிந்து, கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தோம். வேலியின் முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முதல் கம்பத்தின் பின்னால் மற்ற எல்லாம் மறைந்துபோகிறது. அப்படி ஒரு நேர். அதைப் பார்க்கவென்றே பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு தடவை வந்தார். அந்த வருஷம் கடலையை முழுசாகப் பிடுங்கினோம். பன்றிகள் வலையோரம் நடந்துபோன தடம் மட்டும் தெரிந்தது.

இப்போது பாகாலா பக்கம் மாந்தோப்புகளுக்கு வேலி போடுகிற வேலை வந்தால் எங்களையும் கூப்பிடுகிறார். கடலை வேலை இல்லாத நாட்களில் போகிறோம். போன் வந்தால் நான் எடுப்பேன், ஆனால் கேட்பது பாவாவைத்தான். அவருடைய ஆட்களுக்கும் சைகைகள் படிந்துவிட்டன. என் வீட்டுக்காரர் அங்கே ஓரத்தில் உட்காருவதில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லோருடைய கண்ணும் அவர் கையில்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன வாரம் ஒரு தோப்பில் மதியச் சாப்பாடு. எஞ்சினை நிறுத்தி, மரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற நேரம். நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பாகாலாக்காரர் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூக்கைத் தொட்டு, விரல்களை விசிறிபோல் விரித்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். தறியில் அப்படி ஒரு சைகை கிடையாது. அவர்களே உண்டாக்கியது.

"இன்னாங்க அது?" என்று உதட்டை அசைத்துக் கேட்டேன்.

இரண்டு பேரும் எனக்குச் சொல்லவே இல்லை.