முதலில் மீட்டரைச் சோதித்தவர்

காலை ஆறு இருபதுக்குக் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது தினேஸ் தொலைபேசியில் கோல் எடுத்தான். "அண்ணே, கலா எந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

அவன் மனைவி கலாராணி கண்டி மஹய்யாவையிலிருந்து நடந்தே வேலைக்கு வருவார். வயர்லெஸ் செட் திருத்தும் எங்கள் கடையில் ஏரியல் சோதிப்பது அவர் பொறுப்பு. மீட்டர் எதைப் பழுதென்று காட்டினாலும், முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவார்.

போன மாதம் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே மலைச்சரிவில் வெடிப்பு. பெருமழையில் தொலைபேசி செத்துவிடும். சரிவு அசைந்தால் கண்டிக்குச் சொல்ல தோட்டத்து வயர்லெஸ் செட் ஒன்றுதான். அது பேசவில்லை. ஏரியலில் இருந்து வரும் கேபிளை மீட்டரில் மாட்டியதும் முள் உச்சிக்கு ஏறியது. ஏரியல் பழுதென்றால் அப்படித்தான் ஏறும்.

செட்டுக்குப் பொறுப்பான சுரேஸ் கயிற்றோடு நின்றான். "கம்பத்துல இருந்து ஏரியல கழட்டி எறக்கிருவோமா அக்கா? நாலு பேர கூப்பிட்டு வச்சிருக்கேன்."

"பொறுங்க தம்பி. மீட்டர் சொல்றதெல்லாம் வேதமா? இன்னைக்கு எறக்கினா மழை விட்டாத்தான் திரும்ப ஏத்தலாம்."

பையிலிருந்து ஒரு சிறு பித்தளைக் கட்டையை எடுத்தார். பழுதில்லாத ஏரியலைப் போலவே மீட்டருக்குத் தெரியும் பொருள் அது. கேபிளைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். முள் ஒன்று என்ற எண்ணில் நிற்க வேண்டும். அதற்கும் உச்சிக்கே போனது. பெட்டரியை மாற்றினார், மாற்றமில்லை. மீட்டரையும் கட்டையையும் இணைத்திருந்த, மீட்டரோடு வரும் குட்டி வயரை மெல்ல வளைத்தார். முள் துள்ளியது.

"குத்தவாளி நம்ம பையிலயே பஸ் ஏறி வந்திருக்கான்" என்று சிரித்தார்.

குட்டி வயரை விலக்கிவிட்டுக் கட்டையை நேரடியாக மீட்டரில் திருகினார். முள் ஒன்றில் நின்றது. ஏரியல் கேபிளையும் அப்படியே மாட்டினார். ஒன்றரைக்கும் கீழே. ஏரியலில் குறையில்லை. பிறகு செட்டின் பின்பக்கம் பார்த்தால், மின்சாரம் வரும் முனையில் பச்சைக் களிம்பு. சுரண்டி இறுக்கியதும் செட் பேசியது.

"அப்ப இந்தக் கயிறு?" என்றான் சுரேஸ்.

"துணி காயப் போடுங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். இரவெல்லாம் மழை, தோட்டத்துப் பக்கம் தொலைபேசி வேலை செய்யவில்லை. கடை செட்டில் சுரேஸின் குரல் கேட்டது. "மேல மண்ணு எறங்கிருச்சு. நேத்து சாயங்காலமே கண்டிக்குச் சொல்லிட்டோம். லயத்து ஆளுங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம், யாருக்கும் ஒண்ணுமில்ல. அக்காகிட்டச் சொல்லுங்க."

அவனுக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

மீட்டருக்குப் புதிய குட்டி வயர் ஒன்று கலாராணியின் மேசையில் இருக்கிறது. ஒரு முனைக்கு ஈயம் பற்றவைத்திருக்கிறார். மற்ற முனைக்கான பித்தளைத் தலை, பக்கத்தில் ஒரு மூடியில் கிடக்கிறது.