சூடம் எழுதாத பட்டியல்

கிழித்த காலண்டர் தாளை எங்கள் வீட்டில் யாரும் எறிய நான் விட்டதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே அதில் நாலு வரி எழுதி, கோணி ஊசியால் குத்தி நூலில் கோத்துவிடுவேன். வருஷத்துக்கு ஒரு கோவை. இதை எழுத உட்கார்ந்தபோது 1971, 72, 74 ஆகிய மூன்று கோவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். 73-ஐக் கரையான் தின்றுவிட்டது. அந்த வருஷத்தைப் பற்றி வருவதெல்லாம் நினைவிலிருந்து சொல்வது.

நான் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் விவசாயம். மானாவாரி நிலம், நாலு மாடு. வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நான் காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவதால் சமையல்கட்டு முழுக்க அவர் கையில் இருந்தது. கூரை வேய்ந்த சமையல்கட்டு. ஒரு சின்ன ஜன்னல். ஈர விறகு வைத்த நாட்களில் அவர் கண்கள் சாயங்காலம் வரை சிவந்தே இருக்கும். முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

எனக்குப் பயம் முதலில் வந்தது 1971 மாசியில், ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள். மதியம் வீட்டுக்கு வந்தபோதுதான் விறகுக்காரம்மா சுமையைக் கொல்லையில் இறக்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் நான் கிளம்புவதற்கு முன்பே வந்து போய்விடுகிறவர்.

"என்னம்மா, இவ்வளவு நேரம்?"

"கரட்டுல என்னா இருக்குதுங்க டீச்சரம்மா? மொட்டையா கெடக்குது. அந்தாண்டக் கரட்டையும் தாண்டிப் போயி கொண்டாரேன். காலு கழண்டு போவுது."

சுமையைப் பிரித்தபோது பார்த்தேன். மேலே கொஞ்சம் உசிலங்கிளை. உள்ளே இருந்தது முழுக்க வேர். மண் கூட உதிராத வேர்க்கட்டைகள். கிளையை வெட்டினால் மறு வருஷம் துளிர்க்கும். வேரைத் தோண்டி எடுத்துவிட்டால் அங்கே என்ன வரும்?

விறகு வந்த நேரத்தைக்கூட அண்ணியிடம் கேட்டு எழுதிவைக்கும் பைத்தியம் எனக்கு இருந்தது. அன்று மாலை பழைய தாள்களைப் புரட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் சமயத்தில் "முதல் மணிக்கு முன்". அடுத்த ஆடியில் "பத்து மணி". இப்போது மதியம். அந்தப் பெண்ணின் நடை நீண்டுகொண்டே போனது என் கையெழுத்திலேயே இருந்தது. நான்தான் அதைச் சேர்த்து வாசிக்கவில்லை. வாசலில் நின்று கரட்டுக் குன்றைப் பார்த்தேன். கல்யாணமாகி வந்தபோது பச்சையாக இருந்த இடமெல்லாம் பாறை தெரிந்தது. அந்தப் பச்சையில் ஒரு பங்கு எங்கள் அடுப்பு வழியாகப் போயிருக்கிறது. இன்னும் எத்தனை வருஷத்துக்கு வேர் இருக்கும்? வேரும் தீர்ந்த பிறகு மழைத் தண்ணீரை அந்தப் பாறையில் எது நிறுத்திவைக்கும்?

மறுநாளிலிருந்து வீட்டில் சில பழக்கங்களை மாற்ற ஆரம்பித்தேன். பருப்பை முதல் நாளே ஊறவைப்பது. எந்தப் பாத்திரத்தையும் மூடாமல் அடுப்பில் வைக்காதது. இரண்டு வேளைக் குழம்பை ஒரே வேளையில் வைப்பது. பத்திரிகையில் படித்தபடி, பெரிய கூடையில் வைக்கோலைத் திணித்து, அரை வேக்காட்டில் சோற்றுப்பானையை இறக்கி அதற்குள் வைத்துச் சாக்கால் மூடுவது. மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். முதல் நாள் அண்ணி கூடையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சோத்துக்குத் தொட்டில் கட்டியிருக்கியே டீச்சரு. தாலாட்டு யாரு பாடறது, நானா நீயா?"

கேலி செய்ய நினைக்கும்போது என்னை டீச்சரு என்பார். ஆனால் சோறு வெந்திருந்தது. நான் சொல்லாமலே மறுநாளும் கூடையை எடுத்தார். 72-ஆம் வருஷக் கோவையில் பார்க்கிறேன், வாரத்துக்கு மூன்று சுமை என்பது இரண்டாகியிருக்கிறது. எனக்கு அது போதவில்லை. இரண்டு சுமையும் வேராகத்தானே வருகிறது?

கரையான் தின்ற 73-இல்தான் தர்மபுரி நூலகத்தில் ஒரு விவசாயப் பத்திரிகையில் சாண எரிவாயுவைப் பற்றிப் படித்தேன். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் கிணறு மாதிரி ஒரு தொட்டியில் விட்டு, மேலே இரும்பு டிரம்மைக் கவிழ்த்தால், உள்ளே ஊறும் வாயு டிரம்மை மேலே தூக்கும். அதைக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுவரலாம். விறகு வேண்டாம், புகை இல்லை. வெளியே வரும் கரைசல் நிலத்துக்கு எரு. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நாலு மாடு நிக்குது. போட்டுத்தான் பாப்பமே" என்றார். அவர் எதற்கும் அவ்வளவுதான் பேசுவார்.

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"அது வெடிக்குமாமே?"

"சரியா வெச்சா வெடிக்காது அண்ணி."

"சரியா வெக்கலைன்னா?"

நூலகத்தில் குறித்துக்கொண்டு வந்த தாளை நான் மறுபடி பார்த்தேன்.

"படிக்கிறது நீ. வேகறது நானா?"

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை அதுதான். கரட்டைப் பார்த்துப் பயந்தவள் நான். பயத்துக்கு வைத்தியம் கண்டுபிடித்தவள் நான். அந்த அடுப்புக்கு முன்னால் கூரைக்குக் கீழே தினம் இரண்டு வேளை குந்தப்போகிறவர் அவர். ஏதாவது நடந்தால் என் படிப்பு அவர் உடம்பின் மேல்தான் நடக்கும். அன்றிலிருந்து எனக்குப் பயம் இரண்டாகிவிட்டது. ஒன்று கரட்டைப் பற்றியது. மற்றது இவரைப் பற்றியது. இரண்டாவதுதான் அதிகம் என்று இப்போது சொல்லமுடியும்.

1974 ஆவணியில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தொட்டி கட்டி முடிந்தது. டிரம் தர்மபுரியிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. தெருவே கூடிவிட்டது.

"எம்மாம் பெரிய அண்டா! யாரு வூட்டுக் கல்யாணங்க?"

"கல்யாணம் இல்லப்பா. டீச்சரம்மா மாட்டுப் பின்னாடி அடுப்பு வெக்கறாங்களாம்."

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். நான் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்து வெல்டிங் வைத்த இடங்களில் எல்லாம் விரலை ஓட்டிப் பார்த்தேன்.

ஒன்றிய ஆபீஸிலிருந்து வந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். இளவயது. ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். முதல் தடவை டிரம் எழும்பும்போது உள்ளே காற்றும் வாயுவும் கலந்து இருக்கும். நெருப்புப் பட்டால் ஆபத்து. அந்த முதல் டிரம்மை அடுப்புக்கு விடவே கூடாது. உச்சியில் உள்ள வால்வைத் திறந்து முழுவதையும் வெளியே விட்டுவிட வேண்டும். இரண்டாவது தடவை எழும்பிய பிறகுதான் பற்றவைக்கலாம், அதற்குத் தானே வருவதாகச் சொன்னார். "திறந்து விடும்போது சுத்துப்பக்கம் நெருப்பே இருக்கக்கூடாதுங்க டீச்சர்."

அவர் போனதும் பட்டியல் எழுதினேன். காலண்டர் தாள் சின்னது என்று அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன். வாயு வெளியேற்றும் நாளில்: அடுப்பு கூடாது. தீக்குச்சி கூடாது. பீடி, சுருட்டு கூடாது. அகல் விளக்கு கூடாது. அரிக்கேன் விளக்கு கூடாது. பக்கத்துக் கொல்லையில் குப்பை எரிக்கக் கூடாது. கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

டிரம் எழும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. தினமும் காலையில் அதன் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போடுவேன். நாலு நாள் ஒரே கோட்டில் நின்றது. பிறகு ஒருநாள் ஒரு விரல் மேலே. கொட்டகைப் பக்கம் போனால் அடியிலிருந்து குமிழ் விடும் சத்தம் கேட்கும், யாரோ வாயை மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அந்தச் சத்தம் காதில் வரும். பெரிய வண்டி ஏதாவது சாலையில் போனால் வீட்டுத் திசையைத் திரும்பிப் பார்ப்பேன். ஒரு வியாழக்கிழமை டிரம் முழுக்க எழும்பி நின்றது.

மறுநாள் காலை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். சமையல் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பழையது இருந்தது. அடுப்புச் சாம்பலில்கூடத் தண்ணீர் தெளித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் வால்வைத் திறந்துவிட்டு, மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார். சீறிக்கொண்டு வெளியேறியது. அழுகிய நாற்றம். காற்றே இல்லாத காலை. நான் தொட்டிக்குச் சற்று முன்னால் நின்று காவல் காத்தேன். டிரம் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, சாக்பீஸ் கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதை வைத்துத்தான் தெரிந்தது. பக்கத்தில் அன்றைய சாணம் கரைத்த வாளி இருந்தது.

பாதி இறங்கியிருக்கும். கொல்லைக் கதவு திறந்தது. அண்ணி வந்தார். தலைக்குக் குளித்து, மஞ்சள் கரை வைத்த நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் பித்தளைத் தட்டு. தேங்காய், வெற்றிலை, பூ. நடுவில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அணையாமல் இருக்க ஒரு கையை வளைத்து மறைத்துக்கொண்டு, கண்ணைத் தட்டிலேயே வைத்து, மெதுவாக நடந்து வந்தார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தேதி போட்டு எழுதுகிறவளுக்கு.

எங்கள் ஊருக்குப் புது பஸ் விட்டபோது அதன் முகத்துக்குச் சூடம் காட்டினோம். கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தபோது மோட்டாருக்குக் காட்டினோம். ரேடியோ வாங்கிய அன்று நானே காட்டியிருக்கிறேன். புதிதாக ஒன்று வீட்டுக்கு வந்து, அதற்குச் சூடம் காட்டாமல் விட்டதாக என் எந்தக் கோவையிலும் இல்லை. என் பட்டியலில் அடுப்பு இருந்தது, பீடி இருந்தது, அரிக்கேன் விளக்குக்கூட இருந்தது. சூடம் இல்லை. அதை நெருப்பென்று அண்ணியும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கத்தினால் பதறித் தட்டை நழுவவிடுவார். ஓடிப்போய்த் தட்டிவிட்டால் சூடம் எந்தப் பக்கம் விழும்? சேலையிலா, டிரம் பக்கமா? அவருக்கும் டிரம்முக்கும் நடுவில் பத்தடி இருந்திருக்கும். வாளியைத் தூக்கி வீசினேன்.

தட்டு, தேங்காய், பூ, சேலை, முகம், தலைமுடி எல்லாம் சாணக் கரைசல். சூடம் அணைந்துவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துத் திறந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா."

அவ்வளவுதான் சொன்னார். கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்தச் சாயங்காலம் விளக்க முயன்றேன். காது கேட்காதவர் போல மாட்டுக்குத் தவிடு கலந்தார். ஆறு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்தார், பரிமாறினார். தம்பியிடம் மட்டும், நான் கேட்கும்படி, "சாமிக்குக் காட்டுனத சாணி ஊத்தி அணைச்சுட்டா, இனி அது எரியுமா, வெடிக்குமா, எனக்குத் தெரியாது. அந்த அடுப்பாண்ட நான் போமாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அந்த ஆறு நாளும் விறகு எரிந்தது. வேர் விறகு. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முழு உடம்போடு உட்கார்ந்து ஊதுகிறாரே என்ற நிம்மதியும் இருந்தது. அதை அன்றைய தாளில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். டிரம் மறுபடி எழும்பியிருந்தது. சமையல்கட்டில் புது அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் வாசற்படியில் நின்று சொன்னார்.

"முதல்ல குச்சி. அப்புறம் திருகுங்க. மாத்திடாதீங்க டீச்சர்."

மேலே கூரையைப் பார்த்தேன். முதல் குச்சி உரசும்போதே ஒடிந்தது. இரண்டாவது எரிந்தது, கை நடுங்கி அணைந்தது. மூன்றாவதும் அணைந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. பின்னால் வளையல் இல்லாத ஒரு கை என் தோள் மேல் நீண்டு தீப்பெட்டியைப் பிடுங்கியது.

"தள்ளு. இந்த நடுக்கத்துக்கு எரியாதது கூட எரிஞ்சுபோவும்."

"வேணாம் அண்ணி. நானே—"

"முப்பது வருசமா நெருப்புப் பத்தவெக்கறேன். தள்ளுங்கறேன்."

குச்சியைக் கிழித்தார். திருகைத் திருப்பினார். பொசுக்கென்று ஒரு சத்தம். நான் அவர் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். நீலமாக ஒரு வளையம் எரிந்தது. புகையே இல்லை. அண்ணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து முந்தானையை விடுவித்துக்கொண்டு, "பாலை எடுத்தா" என்றார். ஆறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை 'தள்ளு' என்று அன்றைய தாளில் இருக்கிறது.

கரடு திரும்பவும் பச்சையாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஊரில் அடுப்புகள் நிறைய, எங்களுடையது ஒன்று. விறகுக்காரம்மா எங்கள் கொல்லைக்கு வருவது நின்றது, மற்ற வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அண்ணியின் கண்ணில் இருந்த சிவப்பு மட்டும் அந்த மார்கழிக்குள் மறைந்தது. என் பயம் போகவில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் வால்வைத் தொட்டுப் பார்ப்பேன், வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பேன்.

பட்டியலில் ஏழாவது வரியாகச் சூடம் என்று எழுதி, அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமைகளில் கொல்லைப் படியைத் தாண்டி அவர் வரமாட்டார். அங்கேயே நின்று, தூரத்தில் தெரியும் டிரம்முக்குச் சூடம் காட்டுவார். நடுவில் நான் வாளியோடு நிற்பேன். ஒவ்வொரு வாரமும், கொளுத்துவதற்கு முன், கழுத்தை நீட்டிக் கேட்பார்.

"வாளியில என்னா வெச்சிருக்க?"

"தண்ணிதான் அண்ணி."

"சாய்ச்சுக் காட்டு."

நான் சாய்த்துக் காட்டுவேன். பிறகுதான் தீப்பெட்டியை எடுப்பார்.