காற்றைப் பார்த்துப் பேசுகிறவர்

ஷாந்தினியின் மாமனார் சாமிக்கண்ணு அவளிடம் நேராகப் பேசியதே இல்லை. கோபம் ஒன்றுமில்லை. அவர் பிறந்து வளர்ந்த செலண்டார் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், மருமகளின் முகம் பார்த்துப் பேசினால் அவளுக்கு மரியாதைக் குறைவு. அதனால் எதையும் காற்றைப் பார்த்துச் சொல்வார். "மேகம் கறுக்குது. துணி வெளிய கெடக்கு." மாமியார் குஞ்சம்மா அதை வாங்கி, "துணிய எடு ஷாந்தினி" என்று இவள் பக்கம் திருப்பிவிடுவார். அலோர் காஜா ஊருக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டிய அந்த வீட்டில் சொற்கள் அவசரமில்லாமல் மிதந்துதான் வந்து சேர்ந்தன.

ஷாந்தினிக்கு ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் வேலை. சனிக்கிழமைகளில் மலாக்கா டவுனில் ஒரு வகுப்புக்குப் போய், மனிதர்கள் வேலையிடத்திலும் வெளியிலும் வீட்டிலும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் படித்தாள். கண்ணைப் பார், மனத்தில் இருப்பதை நேராகச் சொல் என்பார் வாத்தியார். கிளினிக்கில் செய்து பார்த்தாள். வீங்கிய கன்னத்தோடு வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டுப் போனார்கள். இனி வீடுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, மகளின் பிரசவத்துக்காகக் குஞ்சம்மா பத்து பஹாட் ஊருக்குக் கிளம்பினார். கணவன் கிஷன் சிங்கப்பூரில் வேலையாக இருந்தான். "மாமாவுக்கு இனிப்பு நீரு. கடையில சாப்பிட விட்டுறாதம்மா. போன தடவ கால்ல புண்ணு வந்து ஆறவே இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் குஞ்சம்மா பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலமே ஷாந்தினி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் கண்களைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க என்கிட்ட நேரா பேசாதது எனக்குக் கஷ்டமா இருக்கு."

சாமிக்கண்ணுவின் கை தட்டிலேயே நின்றது. மெதுவாக எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அவருக்கு ரொட்டி சானாய் கடையே வீடாயிற்று. அவள் சமைத்தது மூடியபடியே கிடந்தது.

"அடிப்பாவி!" என்றாள் கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் தேவிஸ்ரீ. "மாமனார உக்கார வச்சு இண்டர்வியூ எடுத்தியா? பாவம்லா அந்த மனுசன்!"

"சிரிக்காதீங்கக்கா. கால்ல மறுபடி புண்ணு வந்தா நான் அத்தைக்கு என்ன பதில் சொல்வேன்?"

மழை விட்ட மாலையில் வீடு திரும்பினாள். செம்பனை மரங்களுக்கிடையே வெண்மையாக ஆவி எழுந்து, பாதை எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இருந்தது. அந்த மங்கலுக்குள் நடக்க நடக்க, மாமனாரின் பழைய வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்தன. 'வெயிலு கொளுத்துது. வேலைக்குப் போற புள்ளைங்க தண்ணி குடிக்கணும்.' 'ரோட்டுல லைட்டு எரியல. வர்றவங்க பாத்து வரணும்.' வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளை யார்? இருட்டில் அந்த ரோட்டில் வருகிறவர் யார்? எல்லாம் அவளுக்குச் சொன்னவை. அவள்தான் மாமியாரின் குரலில் வந்ததை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாமிக்கண்ணு வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷாந்தினி அவர் பக்கம் திரும்பவில்லை. முருங்கை மரத்தடியில் நின்று, கிளையைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னைக்குக் கீரை பொரியல் பண்ணப் போறேன். ஒரு ஆளுக்குன்னா அடுப்பு மூட்டவே மனசு வரல."

துணி சீட்டின் மேல் போய் வந்தது. பிறகு அவர் ஹேண்டிலிடம் சொன்னார்.

"அன்னைக்குக் கேட்டதுல தப்பில்ல. பதிலு தெரியல, அதான்."

அவள் முருங்கைக் கீரையை உருவி மடியில் சேர்த்துக்கொண்டாள். ஈரக் காற்று இருவருக்கும் நடுவில் மெல்லக் கடந்து போனது.

பொரியல் வாசம் வந்ததும் அவராகவே உள்ளே வந்து உட்கார்ந்தார். தலை நிமிராமல் சாப்பிட்டார். பாதியில், ரசச் சட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் படிப்புல இப்படிப் பேசறதுக்கெல்லாம் மார்க்கு போடுவாங்களாமா?"

"வாத்தியார் முட்டைதான் போடுவாரு" என்றாள் ஷாந்தினி, தண்ணீர்ச் செம்பிடம்.

சாமிக்கண்ணுவின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அவள் இன்னொரு கரண்டி கீரை வைத்தாள்.