உப்பில்லாத டப்பா

எண்பதுகளின் நடுவில், தாம்பரத்திலிருந்து பீச் போகும் காலை மின்சார வண்டியில் அவர் என் எதிரே உட்காருவார். ஒல்லியான மனிதர். கண்ணிமைகளில் மஞ்சள் திட்டு. விரல் முட்டிகளில் சுண்டைக்காய் அளவுக் கட்டிகள். எல்லாம் கொலஸ்ட்ரால் படிவு என்று சொல்லியிருந்தார். பல்லாவரம் தாண்டியதும் டப்பாவைத் திறந்து பச்சை முட்டைக்கோஸ், கேரட், கொய்யா எல்லாவற்றையும் உப்புகூட இல்லாமல் மென்று தின்பார். ருசித்துத் தின்பதாகத் தெரியாது.

ஒருநாள் கேட்டேன். "இதெல்லாம் சாப்ட்டா கொலஸ்ட்ரால் கொறையுதா சார்?"

"கொஞ்சம் கொறைஞ்சுது. அதுக்கு மேல எறங்கல. இது பரம்பரையா வர்றது, காய்கறியால மட்டும் முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்கப்பாவும் அண்ணனும் நாப்பதைத் தாண்டல சார்."

"அப்புறம் ஏன் இவ்ளோ கஷ்டப்படறீங்க?"

மிச்சமிருந்த கொய்யாத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"என் பொண்ணுக்கும் முழங்கைல கட்டி வந்துடுச்சு சார். எட்டு வயசு. அவளுக்கு ஸ்கூலுக்குக் கட்டுறதையேதான் எனக்கும் டப்பால கட்டச் சொல்லி வீட்ல சொல்லியிருக்கேன். சாயங்காலம் என் டப்பாவைத் திறந்து பார்ப்பா. காலியா இருந்தாதான் மறுநாள் அவளும் சாப்பிடுவா. கீழ கொட்டிட்டுப் பொய் சொல்ல மனசு வரல. கொஞ்சம் கொறைஞ்சா அவளுக்கு நாலு வருஷம் கூடக் கெடைக்குமில்ல?"



அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் வருவது நின்றுவிட்டது. ஆபீஸில் மாரடைப்பு வந்து நாற்காலியிலேயே போய்விட்டார் என்று அவரோடு வருகிற ஒருவர் சொன்னார்.

பல வருஷம் கழித்து இந்த வியாதிக்கு நல்ல மாத்திரைகள் வந்தன. அந்தப் பெண் அதுவரை இருந்தாளா என்பதுதான் எனக்கு இன்றும் தெரியவில்லை.